நாளைப்போவார்கள்

சிதம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் காலனியில் ஒரு பெரியம்மா இருந்தார். நடவு, களை, அறுப்பு. அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. சம்பா நடவின்போது ஒரு வாரமாகக் காலையில் எழுந்தால் அவருக்குக் கண் இமைகள் உப்பியிருந்தன. சாயங்காலம் கால் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. கேட்டோம். "ஒண்ணும் இல்லடா, நாளெல்லாம் சேத்துல நிக்கறமில்ல, வேல அலுப்பு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாங்க பெரியம்மா என்றோம். "நடவு முடியட்டும், நாளைக்குப் போறேன்."

நடவு முடிந்தது. களை வந்தது. நடுவில் பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு ஊசியும் ஒரு பாட்டில் குளுக்கோசும் ஏற்றிக்கொண்டார். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிய மாத்திரை, தினம் இரண்டு. தை மாதம் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் கிரியாட்டினின் 11 என்றார்கள். ஒன்றரைக்குள் இருக்க வேண்டியது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டிருந்தன. நான்கு டயாலிசிஸ். மாசி மகத்துக்கு முன்பே போய்விட்டார்.

அன்று பணியிலிருந்த மருத்துவர் எங்களைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இவ்ளோ நாள் என்ன பண்ணீங்க? உங்க ஆளுங்களுக்கு விழிப்புணர்வே கிடையாது."

தோழர்களே, இந்த வாக்கியத்தோடுதான் இன்று நமக்குச் சண்டை. இதைச் சொன்ன அந்த ஒரு மருத்துவரோடு அல்ல. அவர் 24 மணி நேரமாகத் தூங்காமல் நின்றிருந்தார் என்பதையும் பார்த்தோம். சண்டை அந்த வாக்கியத்தோடு. கூடவே எங்களோடும். அந்த வீக்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். படிப்பகம் வைத்திருக்கிறோம். ஏப்ரல் 14-க்கு மேடை போடுகிறோம். வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவுகளைத் தலைகீழாகச் சொல்வோம். அழுத்தினால் குழி விழும் ஒரு காலைப் படிக்க எங்களுக்குத் தெரியவில்லை. "நாளைக்குப் போறேன்" என்றதும் சரி என்று விட்டுவிட்டோம்.

நாளைக்குப் போறேன். இதைச் சிதம்பரத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்கிறோம் என்பதை யோசியுங்கள். கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தனுக்குப் பெயரே அதுதான், திருநாளைப்போவார். தில்லைக்குப் போக ஆசை. போனாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் நாளைப் போவேன், நாளைப் போவேன். கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில் அதற்கு மேல் ஒரு பண்ணையார் வருகிறார். 40 வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். பக்திக் கதையாக நமக்குச் சொல்லப்பட்டது இது. எங்களுக்கு இது விடுப்பு மறுக்கப்பட்ட ஒரு கூலித் தொழிலாளியின் கதையாகவே படுகிறது. நந்தனுக்குத் தில்லை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இல்லை. விழிப்புணர்வு இல்லாமல் இல்லை. கூலி ஒரு பக்கம் பிடித்திழுத்தது, வாசலில் கிடைக்கப்போகும் அவமானம் இன்னொரு பக்கம் தள்ளியது. பெரியம்மாவும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிகளைப் பார்ப்பது பகலில். நடவுக்கும் அதே பகல்தான். போனால் ஒரு நாள் கூலி போகும். அது போனாலும் பரவாயில்லை, நடவு கோஷ்டியில் இடம் போகும். அங்கே போய் வரிசையில் நின்று, "எந்த ஊரு, காலனியா?" என்ற கேள்வியைக் கேட்டு, "தள்ளி நில்லும்மா" என்பதையும் கேட்டு, என்ன நோய் என்று யாரும் சொல்லாமல் ஒரு பொட்டலம் மாத்திரையோடு திரும்பி வந்த அனுபவம் அவருக்கு இருந்தது. அனுபவத்திலிருந்து எடுத்த முடிவை அறியாமை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளான 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் 1929-ல் கத்தியவாரில் நடந்த ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட ஓர் ஆசிரியரின் மனைவி. பிரசவித்து இரண்டே நாள். மூச்சுத் திணறல், நெஞ்சு வீக்கம். கணவர் அறிகுறியைச் சரியாகவே கண்டுகொண்டார். உடனே மருத்துவரிடம் ஓடினார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். கணவர் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கெஞ்சி, அவர்களில் ஒருவர் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே நின்று பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தார். பச்சை உடம்புக்காரியைத் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. காய்ச்சல்மானியை மருத்துவர் ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவிக்கு வைத்துவிட்டு அதே வழியில் திருப்பிக் கொடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அந்தப் பெண் இறந்துபோனார். அங்கே எந்த விழிப்புணர்வு குறைந்திருந்தது?

இது பழைய கதை, இப்போது யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக இரண்டு கணக்கு. 2018-ல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது 39.5 என்றும் உயர்சாதிப் பெண்களுக்கு அது 54.1 என்றும் எடுத்துக் காட்டியது. (நம் சுவரொட்டிகளில் இதை 'ஆயுட்காலம்' என்று போடுகிறோம். தவறு. இறந்தவர்களின் சராசரி வயது வேறு, பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் வேறு. எதிரி நம் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்கும் வாய்ப்பை நாமே தர வேண்டாம்.) ஆயுளைப் பற்றிய கணக்கு வேண்டும் என்றால், பீகார், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட 9 மாநிலங்களின் தரவை வைத்து 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுக்கு மேல் குறைவு. முக்கியமானது அடுத்த வரி: பொருளாதார நிலையை வைத்து இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. ஏழை என்பதால் மட்டும் சாகவில்லை நாம்.

இதையெல்லாம் மேடையில் பேசிக் கைதட்டு வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பெரியம்மாவின் கால் வீக்கம் நம்மை விடாது. வாசலில் அவமானம் இருக்கிறது என்பதற்காக வாசலுக்கே போகாமல் இருந்தால் சாவது நாம்தான். ஆகவே எதற்கு நாளை என்று சொல்லலாம், எதற்குச் சொல்லவே கூடாது என்று நமக்கு நாமே தெரிந்துகொண்டாக வேண்டும்.

சுவரில் எழுதிப் போட்டிருக்கும் பட்டியல் இதற்கு உதவாது. 'சோர்வு, கை கால் வலி, பசியின்மை இருந்தால் மருத்துவரை அணுகவும்.' யாருக்காக எழுதியது இது? நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்து, ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும் உடம்புக்காக. அந்த உடம்புக்குச் சோர்வு என்பது செய்தி. எங்கள் அம்மாக்களுக்குச் சோர்வு என்பது செவ்வாய்க்கிழமை. பட்டியலின்படி போனால் தினமும் ஆஸ்பத்திரி வாசலில்தான் படுக்க வேண்டும். அதனால்தான் எதற்குமே போவதில்லை. வேலையின் வலிக்கும் நோயின் வலிக்கும் நடுவில் கோடு போட்டுத் தரும் பட்டியலே நமக்கு வேண்டும்.

எங்கள் இரவுப் பாடசாலையில் நாலு மாதமாக அந்தக் கோட்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். சிதம்பரத்தில் படிக்கும் மருத்துவ மாணவர்கள் இரண்டு பேர் உதவுகிறார்கள். பொதுவாக இப்படிச் சொல்லலாம்: வேலையின் வலி எந்த உறுப்பு உழைத்ததோ அங்கே இருக்கும், ஒரு ராத்திரி தூங்கினால், இரண்டு நாள் வேலை இல்லாவிட்டால் குறையும். நோய் ஓய்வுக்குக் கட்டுப்படாது. படுத்தால் அதிகமாகும், அல்லது வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும், அல்லது இதுவரை இல்லாத புதிய ஒன்றாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரியோடு ஒப்பிடாதே, போன பொங்கலுக்கு இருந்த உன் உடம்போடு ஒப்பிட்டுப் பார். போன வருடம் தூக்கிய நாற்றுக்கட்டை இந்த வருடம் தூக்க முடியவில்லையா, இரண்டு கல் நடந்தவர் தெருமுனையில் நின்று மூச்சு வாங்குகிறாரா? அது வயசு இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. 'அலுப்பு' என்று நாம் கூப்பிடும் பாதிக்கு மருத்துவமனையில் வேறு பெயர் இருக்கிறது.

சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஆட்களைக் குறிவைத்த நோயாக மாறிக்கொண்டிருக்கிறது. சர்க்கரையும் இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை, ஆனாலும் சிறுநீரகம் செயலிழக்கிறது. மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடமும் இலங்கையின் வடமத்திய மாகாண விவசாயிகளிடமும் முதலில் பேசப்பட்ட இந்தக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இப்போது நம் வயலிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் விவசாயத் தொழிலாளர்கள் 3,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2025-ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. 20 பேர் கொண்ட ஒரு நடவு கோஷ்டியில் ஒருவர். வெயிலில் வேலை செய்யும்போது உடம்பு கொதிப்பதும் நீர் வற்றுவதும் இதில் முக்கியமாகச் சந்தேகிக்கப்படுகின்றன. உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரிடம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்திய ஆய்விலும் 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது.

அந்த உப்பளங்களில் கழிப்பறை இல்லை. நம் வயல்களில் மட்டும் இருக்கிறதா? தங்கைகளே, உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், வேலைக்குப் போகும் நாளில் எத்தனை சொம்பு தண்ணீர் குடிக்கிறார் என்று. ஆண்கள் வரப்பு ஓரம் ஒதுங்குவார்கள். பெண்கள் ஒதுங்க மறைவிடம் இல்லை. இருக்கும் மறைவிடம் ஊர்க்காரன் கொல்லை. அங்கே போனால் என்ன பேச்சு வரும், என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. 'தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்' என்று எழுதி ஒட்டுகிறவர், எங்கே போய் அதை இறக்குவது என்பதையும் சேர்த்து எழுதட்டும். கூலி உயர்வோடு சேர்த்து, நடவு வயலுக்குப் பக்கத்தில் தண்ணீரும் மறைப்பும் நிழலும் கேட்பதை நாம் ஒரு கோரிக்கையாகவே வைக்கவில்லை. அது கோரிக்கை என்றே தோன்றாத அளவுக்கு நாம் ஆண்களாக இருந்திருக்கிறோம்.

இந்த நோய் சத்தம் போடாது. பாதிக்கு மேல் கெடும்வரை வலியே இருக்காது. சிறுநீரில் நுரை பொங்கி நிற்பது, நிறம் கட்டங்காப்பி போல ஆவது, அளவு குறைவது, காலையில் கண் இமை உப்பல், சாயங்காலம் கால் வீக்கம், உடம்பெல்லாம் அரிப்பு, சோற்றைக் கண்டால் குமட்டல். இவற்றில் எது வந்தாலும் அந்த வாரத்துக்குள் போக வேண்டும். போய் 'உடம்பு சரியில்ல' என்று சொல்லக் கூடாது. சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பாருங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சிறுநீர் குறைந்து மூச்சும் முட்டினால் அன்றே போக வேண்டும். மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போடுவது, அதுவும் தண்ணீர் குடிக்காத உடம்பில் போடுவது, இருக்கிற சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெரியம்மாவின் மாத்திரை அட்டைகளை அவர் இறந்த பிறகு முறத்தில் கொட்டி எண்ணினோம். எண்ணிக்கையைச் சொல்ல மனசு வரவில்லை.

அடுத்தது 'வாயு'. நெஞ்சைப் பிடித்தால் வாயு, முதுகில் குத்தினால் வாயு. சோடா குடி, பூண்டு தின்னு, தடவி விடு. நெஞ்சு நடுவில் பாரம் ஏற்றிவைத்தது போல அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஏறி, ஜில்லென்று வியர்த்தால் அது வாயு என்று முடிவு செய்ய ஒரு ஈ.சி.ஜி. வேண்டும், பக்கத்து வீட்டு மாமா போதாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவும் வரலாம். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் தவணையைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. இருக்கிறதா என்று உங்கள் ஊர் நிலையத்தில் இப்போதே போய்க் கேட்டு வையுங்கள், நெஞ்சு வலிக்கும் இரவில் அல்ல. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் அதுவும் இதே கணக்குதான். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. மந்திரிக்கவோ தண்ணீர் தெளிக்கவோ அதில் நேரம் இல்லை.

வாயு என்றதும் கடலூர் சிப்காட் நினைவுக்கு வருகிறது. அங்கே நிஜமாகவே வாயு. ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, குடிகாடு, செம்மங்குப்பம் மக்கள் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி என்று வருடக்கணக்காகச் சொன்னார்கள். ஆதாரம் எங்கே என்றார்கள் அதிகாரிகள். 2004 வாக்கில் அந்த ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்தார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன நாற்றம், காற்று எந்தத் திசை, உடம்பில் என்ன செய்தது என்று நோட்டில் எழுதினார்கள். வாளியும் பையும் வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். 20-க்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருட்கள் அதில் தெரிந்தன, புற்றுநோய் உண்டாக்குபவையும் சேர்த்து. அந்த அறிக்கைக்கு 'கேஸ் ட்ரபிள்' என்று பெயர் வைத்தார்கள், குசும்பு பிடித்தவர்கள். உடம்பு சொல்வதைத் தேதி போட்டு எழுதினால் அது ஆதாரம் என்று நம் மாவட்டத்துக்காரர்களே காட்டியிருக்கிறார்கள். பெரியம்மாவின் வீக்கத்தை அப்படி ஒரு நோட்டில் எழுதியிருந்தால் அது எத்தனையாவது நாள் என்றாவது தெரிந்திருக்கும்.

காசநோயில் தமிழ்நாடு செய்தது ஒன்று இருக்கிறது, பாராட்டியே ஆக வேண்டும். 2022-ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வந்தது. நோய் உறுதியானவரை மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல், நிலைமை மோசமா என்று அங்கேயே பார்க்கிறார்கள். எடை உயரத்துக்கு எவ்வளவு குறைவு, கால் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் 94-க்குக் கீழா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. மோசமென்றால் உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும். கவனியுங்கள், இதில் எதற்கும் பெரிய இயந்திரம் வேண்டாம். மூச்சை எண்ண ஒரு கடிகாரம் போதும். பிடிக்காமல் நிற்கிறாரா என்று பார்க்கக் கண் போதும். அந்தக் கண் நமக்கு இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை இறங்குவது, சளியில் ரத்தம்: சளிப் பரிசோதனை இலவசம், மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வரும். குடித்துக் குடித்து இளைத்துவிட்டான் என்று நாம் கேலி பேசும் மாமாக்களில் எத்தனை பேருக்குக் காசநோய் என்று யார் பார்த்தது?

பெண்களைப் பற்றி ஒன்று, தம்பிகளும் முகத்தைத் திருப்பாமல் படிக்க வேண்டியது. தூரம் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி ரத்தம் பட்டால், உறவுக்குப் பின் ரத்தம் வந்தால், துர்நாற்றமான வெள்ளை நிற்காமல் போனால், அது கருப்பை வாய்ப் புற்றாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையை ஒரே ஒரு முறை செய்து, கண்டதற்குச் சிகிச்சை கொடுத்ததில் அந்தப் புற்றால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது. இவ்வளவு மலிவான சோதனை இருந்தும் நம் அத்தைமார்கள் பொட்டலத் துணியோடு வருடக்கணக்கில் வாய் மூடிக் கிடக்கிறார்கள். சொல்ல வெட்கம். கேட்கிறவர் முகம் சுளிப்பார் என்ற பயம்.

பாம்பு பற்றிச் சுருக்கமாக. தரையில் படுப்பவர்கள் நாம். கட்டுவிரியன் ராத்திரி தூக்கத்தில் கடிக்கும், பல் தடம்கூடத் தெரியாது, வலியும் அதிகம் இருக்காது. விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்று வலி, வாந்தி, கண் இமை தானாக மூடுவது, எச்சில் விழுங்க முடியாமை இருந்தால் 'ராத்திரி தின்ன கறி ஒத்துக்கல' என்று உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வைத்தியரிடம் போக வேண்டாம். 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துத் தோழர்கள் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்து பெருமளவு செய்யப்படுகிறது. அது நம் மருந்து, கேட்டு வாங்கலாம்.

அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. மலக்குழி. அழுகிய முட்டை நாற்றம் அடித்துக்கொண்டிருந்து திடீரென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது முதலில் மூக்கைத்தான் செயலிழக்கச் செய்யும். அடுத்தது மூச்சு. தூக்கப் போனவனும் விழுவான். இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை உடம்பில் இல்லை, 2013 சட்டத்தில் இருக்கிறது: பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனை உள்ளே இறக்குவது குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. 30 லட்சம் கொடுத்தும் இறக்குகிறார்கள் என்றால் யாருடைய உடம்பு இறங்குகிறது என்று பாருங்கள்.

இனி நம் இயக்கத்துக்குள். போராட்டத்துக்கு வந்தவன் சர்க்கரை மாத்திரை சாப்பிட நேரம் கேட்டால் சிரிக்கிறோம். சாலை மறியலில் நாலு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து மயங்கியவரைத் தியாகி என்கிறோம். வலியைத் தாங்குவது வீரம் என்ற பாட்டை எங்கிருந்து கற்றோம்? அது பண்ணையார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. 'உழைக்கிற உடம்புக்கு ஒண்ணும் ஆகாது' என்பது உழைக்க வைப்பவனுக்கு வசதியான வாக்கியம். நீல நிறக் கோட்டில் நிமிர்ந்து நிற்கும் அம்பேத்கரை வரைகிறோம். சர்க்கரை நோயோடும் கால் வலியோடும் வருடக்கணக்கில் போராடிய அம்பேத்கரை யாரும் வரைவதில்லை. ஐந்து குழந்தைகளில் நான்கைப் பறிகொடுத்தவர் அவர். சிகிச்சைக்குப் போன இடத்தில் அறிமுகமான மருத்துவரையே 1948-ல் மணந்துகொண்டார். தன் உடம்பு நோயாளி உடம்பு என்று ஒப்புக்கொள்வது அவருக்கு இழிவாக இல்லை. நமக்கு ஏன் இருக்க வேண்டும்?

ஆஸ்பத்திரி வாசலைப் பற்றி. தனியாக அனுப்பாதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். எந்தத் தேதியில் என்ன தொடங்கியது, என்ன மாத்திரை சாப்பிட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவர் நம்மைப் பார்க்கும் பார்வையே மாறுவதைக் கண்டிருக்கிறோம். என்ன நோய், என்ன சோதனை, மறுபடி எப்போது என்ற மூன்றுக்கும் பதில் வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. சீட்டைத் தூக்கிப் போடக் கூடாது. அவசர சிகிச்சை மறுத்தால், 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டுங்கள்: அரசு மருத்துவமனை அவசர சிகிச்சையை மறுப்பது 21-ஆவது உறுப்பு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது. அந்த வழக்கைக் கொண்டுபோனது யார் தெரியுமா? மேற்கு வங்கத்தின் விவசாயத் தொழிலாளர் சங்கம். ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தன் உறுப்பினரை ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் வசதி இல்லை, படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பியதற்காக. நம்மைப் போன்றவர்கள் வாங்கிய தீர்ப்பு அது. மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைய விடாமல் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் தனிக் குற்றம். ஒவ்வொரு முகச் சுளிப்புக்கும் வழக்குப் போட முடியாது, போடவும் வேண்டாம். நல்ல செவிலியர்களும் மருத்துவர்களும் அங்கே உண்டு, அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

கடைசியாக, சிதம்பரத்தில் மருத்துவம் படிக்கும் தோழர்களுக்கு. அண்ணாமலை நகரில் இருந்த அந்தக் கல்லூரி 2021-ல் அரசு மருத்துவக் கல்லூரியானது. அரசுக் கட்டணம் கேட்டு ஐம்பது நாளுக்கு மேல் நீங்கள் உட்கார்ந்தபோது நாங்களும் வாசலில் வந்து நின்றோம். இப்போது நாங்கள் கேட்கிறோம். கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். முகாம் என்று காலை பத்து மணிக்கு வராதீர்கள், அப்போது காலனியில் கிழவிகளும் கோழிகளும்தான் இருப்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வாருங்கள். ஆட்கள் வயலிலிருந்து வந்து குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தக்கொதிப்புக் கருவியும் சிறுநீர்ப் பட்டையும் கொண்டுவந்தால் போதும். நோட்டு நாங்கள் வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் 63 பேர் எழுதியிருக்கிறோம், ஏழு பேருக்குக் கால் வீக்கம்.